பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்

நான் வாடகைக்கு இருக்கும் அனெக்ஸ் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஒரே மண்டபமாக இருந்த இடத்தை வீட்டுக்கார மாமி பிளைவுட் பலகையால் மறித்து, ஒரு பாதியை எனக்குத் தந்துவிட்டு, மறுபாதியைத் தன் படுக்கையறையாக வைத்துக்கொண்டார். என் மேசை அந்தப் பலகையை ஒட்டி நின்றது. அவருடைய கட்டிலின் தலைமாடும் அதே பலகையை ஒட்டித்தான் இருந்தது என்பது, ஒரு காலையில் அவர் வாசலில் நின்று, “தம்பி, ராவிலை என்ன மெஷின் ஓடவிடுறீங்கள்? காதுக்குள்ளை வண்டு பூந்த மாதிரி ஒரு இரைச்சல்” என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரியவந்தது.

அது 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் தொடக்கம். மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போயிருந்தது. கரண்ட் வருகிற நேரந்தான் வேலை நேரம் என்றாகிவிட்டதால், நான் நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் இடையில் தட்டெழுதிக்கொண்டிருந்தேன். ஒலிப்பதிவு செய்யப்பட்ட நேர்காணல்களைக் கேட்டு எழுத்தாக்குவதும் மொழிபெயர்ப்பதும் என் தொழில். காதில் எப்போதும் ஹெட்ஃபோன் மாட்டியிருப்பவன் தன் கணினியின் சத்தத்தைத் தானே கேட்பதில்லை. பகலில் என்றால் கடலோரத் தண்டவாளத்தில் ஓடும் ரயிலும் காலி வீதி பஸ்களும் எல்லாவற்றையும் மூடிவிடும். கடைசி ரயில் போன பிறகு, பலகைக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிற ஒருவருக்கு மட்டுமே அந்த இரைச்சல் முழுதாகக் கிடைத்தது.

கணினி சத்தம் போட்டால் விசிறியைக் குற்றம் சொல்வதே நமது வழக்கம். நானும் அதைத்தான் செய்தேன். பம்பலப்பிட்டிக்குப் போய், பெட்டியின் மேல் அமைதி என்று எழுதியிருந்த ஒரு 120 மில்லிமீற்றர் விசிறியை வாங்கி வந்து பூட்டினேன். ரூபாயின் பெறுமதி டொலருக்கு ஏறத்தாழ 200இலிருந்து 300ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை என்பதால், அந்த அவசரப் புத்திக்கு நல்ல விலை கொடுத்தேன். மாமியின் வண்டு போகவில்லை.

அதன்பிறகுதான் தேடத் தொடங்கினேன். பெட்டியின் விசிறிகளின் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சில விநாடி வைத்துப் பார்த்தேன். காற்றின் ஓசை குறைந்ததே தவிர, அடியில் ஓடிய முனகல் அப்படியே இருந்தது. கராஜில் மெக்கானிக்மார் எஞ்சினைச் சோதிப்பதுபோல ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பெட்டியின் தகரத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டேன். ஹார்ட் டிஸ்க் இருக்கும் கூட்டுக்கு அருகில் முனகல் உறுமலாகியது. மேசைப் பலகையில் உள்ளங்கையை வைத்தால் நுண்ணிய நடுக்கம் தெரிந்தது. தடுப்புப் பலகையில் வைத்தாலும் தெரிந்தது. கடைசியாகச் செய்த சோதனைக்குக் கருவியே தேவைப்படவில்லை. டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது அசைப்பது நல்லதல்ல என்று தெரிந்தும், இரண்டு கையாலும் பெட்டியை மெதுவாக மேசையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கினேன். முனகல் நின்றுவிட்டது. இறக்கி வைத்தேன், திரும்ப வந்தது.

வீணைத் தந்தியைக் குடமில்லாமல் இரண்டு ஆணிகளுக்கிடையில் இழுத்துக் கட்டி மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. தந்தி மெல்லியது, காற்றைத் தள்ளுகிற பரப்பு அதற்கு இல்லை. அதன் அதிர்வு குதிரை வழியாகக் குடத்தின் பலகைக்கு இறங்கும்போதுதான் அது நாதமாகிறது. என் ஹார்ட் டிஸ்க் தந்தியாகவும், கணினியின் தகரப் பெட்டி குதிரையாகவும், மேசையும் ஆறடி உயரத் தடுப்புப் பலகையும் குடமாகவும் இருந்தன. மாமி ஒவ்வொரு இரவும் அந்தக் குடத்தில் தலை வைத்துப் படுத்துக்கொண்டிருந்தார். காற்றில் வருகிற சத்தத்தை எவ்வளவு அடைத்தாலும், திடப்பொருள் வழியாக நடந்து போகிற சத்தத்தை அது தொடாது என்ற பாடம் எனக்கு அன்று விளங்கியது.

கைத்தொலைபேசியில் ஒலி அலைகளைப் பிரித்துக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு மேசையில் வைத்தபோது, 120 ஹேர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 120 அதிர்வில், ஒரு கூர்மையான முனை எழுந்து நின்றது. இது ஆச்சரியமான எண் இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுகின்றன என்றால், விநாடிக்கு 120 சுற்று. தட்டுகளின் எடை மையத்தில் மயிரிழை பிசகு இருந்தாலும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தள்ளு கிடைக்கும். 5400 சுற்று டிஸ்க்காக இருந்திருந்தால் முனை 90இல் நின்றிருக்கும். என் பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்குகள் இருந்தன; இரண்டும் 7200தான், ஆனால் எந்த இரண்டு மோட்டரும் துல்லியமாக ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. சுருதி சற்றே விலகிய இரண்டு தம்புராக்களைச் சேர்த்து மீட்டும்போது ஓசை ஏறியும் இறங்கியும் அலைவதுபோல, இந்த முனகலும் ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை விம்மித் தணிந்தது. ஒரே சீராக ஓடுகிற ஓசையைக் காது சிறிது நேரத்தில் கைவிட்டுவிடும். விம்முகிற ஓசையை விடாது. மாமி வண்டு என்று சொன்னது எத்தனை பொருத்தமான சொல் என்று அப்போதுதான் யோசித்தேன்.

இரண்டு டிஸ்க்கையும் எடுத்தெறிந்துவிட்டு, அசையும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. போட்டுவிடுவதுதான் நேரான வழி. இயங்குதளம் ஏற்கெனவே ஒரு சிறிய எஸ்.எஸ்.டி.யில்தான் இருந்தது. ஆனால் பல வருட ஒலிப்பதிவுகள் அந்த இரண்டு டிஸ்க்கிலும் இருந்தன, அத்தனை கொள்ளளவுக்கு எஸ்.எஸ்.டி. வாங்குவது அந்த வருடத்து விலையில் நடக்கிற காரியமாக இருக்கவில்லை. ஆகவே அதிர்வைப் பிறந்த இடத்திலேயே பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

றப்பர் என்றால் பஞ்சிகாவத்தை. வாகன உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக இருக்கும் அந்த வீதியில் கைநிறைய றப்பர் புஷ் வாங்கி வந்து, டிஸ்க்குக்கும் கூட்டுக்கும் இடையில் வைத்து ஸ்க்ரூவை நன்றாக முறுக்கிப் பூட்டினேன். செயலியில் அந்த முனை முன்னையதிலும் உயரமாக எழுந்தது. றப்பர் வைத்த பிறகு சத்தம் கூடுவது எப்படி என்று ஒரு நாள் முழுக்க மண்டையைக் குடைந்தேன். பாடசாலையில் படித்த சுருள்வில்லும் எடையும்தான் விடை சொல்லின.

றப்பரின் மேல் உட்கார்ந்திருக்கும் எடைக்கு அதற்கே உரிய ஓர் ஊசல் வேகம் உண்டு. அதன் இயல்பு அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: எடை வைத்ததும் றப்பர் எத்தனை மில்லிமீற்றர் அமுங்குகிறது என்று பார்த்து, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ அந்த ஹேர்ட்ஸ். ஒரு மேசை டிஸ்க்கின் எடை 600, 700 கிராம். என் புஷ் லொறிக்குச் செய்யப்பட்டது. அந்த எடைக்கு அது 0.02 மில்லிமீற்றர், அதாவது ஒரு சாதாரணத் தாளின் தடிப்பில் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கியிருந்தால், இயல்பு அதிர்வெண் 112 ஹேர்ட்ஸ் ஆகிவிடும். டிஸ்க் தள்ளுவதோ 120இல். ஊஞ்சலை அது வந்து திரும்புகிற தருணம் பார்த்துத் தள்ளுவது போன்ற வேலை அது. தள்ளுகிற அதிர்வெண், இயல்பு அதிர்வெண்ணைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேலே போன பிறகுதான் றப்பர் அதிர்வைத் தடுக்கத் தொடங்கும். அதற்குக் கீழே அது பெருக்கிக் கொடுக்கும். உருப்படியாகத் தடுக்க வேண்டுமென்றால் மூன்று, நான்கு மடங்கு வேண்டும். போதாக்குறைக்கு, நான் ஸ்க்ரூவை முறுக்கிய முறுக்கில் அந்த றப்பருக்கு இருந்த கொஞ்ச நெகிழ்ச்சியும் போயிருந்தது. தகரமும் தகரமும் ஸ்க்ரூவின் தண்டு வழியாகத் தொட்டுக்கொண்டுமிருந்தன.

ஆக, மெத்தென்று இருக்கிற, தாராளமாகத் தொய்கிற ஏதாவது வேண்டும். அது தையல் சாமான் கடையில் கிடைத்தது: பாவாடைக்குப் போடுகிற அகலமான இலாஸ்டிக், இரண்டு யார் நீளம். சிடி டிரைவ் பூட்டுகிற வெறுங்கூடு ஒன்று பெட்டியின் மேற்பகுதியில் சும்மா கிடந்தது. அதன் இரு பக்கத் துளைகள் வழியாக இலாஸ்டிக்கைக் குறுக்காக மூன்று சுற்றுக் கோத்து, நடுவில் ஒருமுறை முறுக்கி, ஒவ்வொரு டிஸ்க்கையும் அந்த முறுக்குகளுக்கிடையில் தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோலக் கிடத்தினேன். டிஸ்க்கின் எந்த விளிம்பும் தகரத்தில் படவில்லை. பவர் வயரும் தரவு வயரும் விறைப்பாக நின்றால் அவையே பாலமாகிவிடும் என்பதால், அவற்றை வளைத்துத் தளர்வாக விட்டேன். எடை ஏறியதும் இலாஸ்டிக் 10 மில்லிமீற்றர் தொய்ந்தது. கணக்குப்படி அது 5 ஹேர்ட்ஸ், டிஸ்க்கின் 120க்கு வெகு கீழே. இறுகப் பிடித்திருக்கும் இலாஸ்டிக் நடைமுறையில் இந்தக் கணக்கைவிட விறைப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் கைவசம் இருந்த இடைவெளி பெரியது. கணினியை இயக்கி மேசையில் உள்ளங்கையை வைத்தேன். பலகை பலகையாக இருந்தது.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. டிஸ்க்கைத் தயாரிக்கிறவர்கள் அதை இறுக்கமாகப் பூட்டச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: வாசிக்கும் தலை சட்டென்று திரும்பும்போது, எதிர்த்திசையில் முழு டிஸ்க்கும் சற்றுத் திரும்பப் பார்க்கும், ஊஞ்சலாடுகிற தொட்டில் என்றால் தலை தன் தடத்தைப் பிடிக்கக் கூடுதல் நேரம் எடுக்கலாம். அதனால்தான் மூன்று சுற்றுக் கோத்துப் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைத்தேன். மற்றது சூடு. கூட்டின் தகரம் டிஸ்க்கின் சூட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தது, இலாஸ்டிக் உறிஞ்சாது. டிஸ்க்கின் வெப்பம் 39 பாகையிலிருந்து 46க்கு ஏறியது. பெரும்பாலான மேசை டிஸ்க்குகளுக்கு 60 பாகைதான் மேல் எல்லை என்றாலும், எனக்கு மனம் ஆறாமல் முன்பக்க விசிறி ஒன்றை அதற்கு நேராக மாற்றிப் பூட்டினேன், 42இல் நின்றது. கணினியைத் தூக்கிக்கொண்டு எங்காவது போவதென்றால் டிஸ்க்கைக் கழற்றித் தனியே கொண்டுபோக வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

பெட்டியின் கால்களுக்குப் பழைய றப்பர்ச் செருப்பை வெட்டினேன். முதலில் கால் அளவுக்குப் பெரிய துண்டாக வெட்டி வைத்து, பிறகு அதே செருப்பிலிருந்து பெருவிரல் நகம் அளவுத் துண்டுகளாக வெட்டி மாற்றியதும் வித்தியாசம் தெரிந்தது. எடை சின்னப் பரப்பில் இறங்கும்போது றப்பர் கூட அமுங்குகிறது. கூட அமுங்கினால் இயல்பு அதிர்வெண் இறங்குகிறது. மேசையைத் தடுப்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி வைத்ததற்குச் செலவே இல்லை. அதை முதலில் செய்திருக்கலாம்.

அன்று நான் வாங்கிய விசிறி வீண் போகவில்லை, ஏனென்றால் முனகல் அடங்கியதும் அதுவரை அதன் பின்னால் ஒளிந்திருந்த காற்றிரைச்சல் வெளியே வந்தது. இது காற்றுவழிச் சத்தம். இதற்கு வேகத்தைக் குறைப்பதே மருந்து. விசிறியின் சத்தம் வேகத்தோடு மிகச் செங்குத்தாக ஏறுகிறது: பாதி வேகத்துக்கு வந்தால் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும், காற்றோ பாதிதான் குறையும். நிமிடத்துக்கு 1200 சுற்று ஓடும் ஒரு விசிறியை 700க்கு இறக்கினால் சுமார் 12 டெசிபல் இலாபம். 10 டெசிபல் குறைந்தாலே காது சத்தம் பாதியாகிவிட்டதாக எடுத்துக்கொள்ளும். அதே மாதிரியான இன்னொரு விசிறியைச் சேர்த்தால் 3 டெசிபல் மட்டுமே கூடும். ஆகவே ஒரு விசிறி விழுந்தடித்து ஓடுவதைவிட இரண்டு விசிறி சோம்பலாகச் சுற்றுவது எல்லா வகையிலும் நல்லது. விசிறிக்கு முன்னால் தகரத்திலேயே துளையிட்டுச் செய்த வலை இருந்தது. அலகுக்குப் பக்கத்தில் காற்றைக் கிழிக்கிற எதுவும் சத்தம் எழுப்பும் என்பதால், மதர்போர்டைக் கழற்றி வைத்துவிட்டு அதைத் தகரக் கத்தரியால் வெட்டி எடுத்தேன். கழற்றாமல் வெட்டினால், உள்ளே விழுகிற ஒரு தகரத் தூள் போதும், கணினியின் சரித்திரம் முடிந்துவிடும்.

வேகத்தைக் குறைத்தால் சூடு ஏறும் என்ற பயம் கொழும்பில் இருப்பவனுக்குக் கூடவே இருக்கும். விசிறி வேகத்தை எப்படி அமைப்பது என்று விளக்குகிறவர்கள் பலரும் 21, 22 பாகை அறையில் உட்கார்ந்து விளக்குகிறார்கள். இங்கே ஆண்டின் பெரும்பகுதி பகலில் 30, 31 பாகை. பெரும்பாலான மாதங்களில் இரவிலும் 24, 25. அவர்களுடைய கணினியின் புரொசசர் 62 பாகையில் நிற்கும் அதே வேலைக்கு என்னுடையது 71இல் நிற்பது கோளாறில்லை, நம் ஊர் அதுதான். இன்றைய புரொசசர்கள் பெரும்பாலும் 95, 100 பாகைக்குக் கிட்டப் போன பிறகே தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கின்றன. ஆனால் மதர்போர்டு தயாரித்தவர் போட்டுவைத்த அமைப்பு 60 பாகையிலேயே விசிறியை அலறவிடுகிறது. அவர் கணக்கில் வெள்ளவத்தையே இல்லை. நான் கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயோஸுக்குள் போய் 70 பாகை வரைக்கும் விசிறி ஒரே மெதுவான வேகத்தில் ஓடும்படி வைத்தேன். புரொசசரின் சூடு ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தாலே பத்துப் பாகை எகிறி அடுத்த நொடியே விழும். விசிறி அதைத் துரத்திக்கொண்டு ஏறி இறங்குவதுதான் எரிச்சல் என்பதால், மாற்றத்துக்குச் சில விநாடி தாமதமும் போட்டேன். புரொசசருக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்தது அதைவிட உதவியது: மின்சக்தி அழுத்தத்தின் வர்க்கத்தோடு மாறுவதால், சிறிய குறைப்புக்கே சூடு நன்றாக இறங்கியது. பிறக்காத சூட்டுக்கு விசிறி வேண்டாமே.

கடலுக்குப் பக்கத்தில் இருப்பதற்கு ஒரு வரி செலுத்தத்தான் வேண்டும். உப்புக்காற்று ஸ்க்ரூவின் தலையை மட்டுமல்ல, விசிறியின் தண்டையும் தின்கிறது. ஒரு விசிறி காலையில் முதல் ஐந்து நிமிடம் கறகறத்துவிட்டுப் பிறகு அடங்கினால், அதன் தாங்கி காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மலிவான விசிறி என்றால் நடுவில் உள்ள ஸ்டிக்கரை உரித்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில மாதம் ஓடும். அதற்குள் புதியது வாங்கப் பணம் சேர்க்க வேண்டும். காற்று உள்ளே வரும் வழியில் நைலோன் காலுறைத் துணியை இழுத்துக் கட்டியிருக்கிறேன். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அதைக் கழுவாவிட்டால் தூசி அடைத்து, விசிறி தானாக வேகமெடுத்து எனக்கு ஞாபகமூட்டும்.

பெட்டிக்குள் ஸ்பொஞ்ச் ஒட்டச் சொல்கிற ஆலோசனை எங்கும் கிடைக்கும். 120 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 2.9 மீற்றர்; அதை விழுங்க வேண்டுமென்றால் ஸ்பொஞ்சின் தடிப்பு முக்கால் மீற்றருக்குக் கிட்ட இருக்க வேண்டும். அரை அங்குல ஸ்பொஞ்ச் கீச்சொலியை மட்டும் கொஞ்சம் மழுக்கிவிட்டுச் சூட்டை உள்ளே பூட்டி வைக்கும். அதே பஞ்சிகாவத்தையில் வாகனக் கதவுக்குள் ஒட்டுகிற தார்த்தகடு கிடைக்கிறது. அது வேறு சாமான். அதில் ஒரு சாண் அளவு வெட்டிப் பக்கத் தகரத்தின் நடுவில் ஒட்டினேன். முன்பு விரலால் தட்டினால் டங் என்று நீண்ட தகரம், இப்போது டொக் என்று நிற்கிறது.

இவ்வளவும் முடிந்த ஓர் இரவில் கணினியை அணைத்த பிறகும் ஏதோ முனகிக்கொண்டிருந்தது. செயலியில் முனை 120இல் இல்லை, 100இல் இருந்தது. மின்வெட்டுக்காக வாங்கி மேசைக்கடியில் வைத்திருந்த யூ.பி.எஸ்.தான் அது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். யூ.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் ட்ரான்ஸ்ஃபோமரின் இரும்பு ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை நுண்ணளவில் நீண்டு சுருங்குவதால் முனகல் 100இல் வரும். அதை மேசையின் கட்டையிலிருந்து எடுத்து, மடித்த சாக்கின் மேல் தரையில் வைத்ததோடு அந்தக் கதை முடிந்தது.

முடியாத கதை ஒன்றும் உண்டு. கிராஃபிக்ஸ் கார்டிலுள்ள மின்சுருள்கள், திரையில் நீண்ட பக்கத்தை வேகமாக உருட்டும்போது மெலிதாகக் கீச்சிடுகின்றன. விநாடிக்கு இத்தனை படம் போதும் என்று கட்டுப்பாடு போட்டதில் அது குறைந்தது, நிற்கவில்லை. அது பலகையைத் தாண்டாத அளவு மெல்லிய சத்தம் என்பதால் விட்டுவிட்டேன். எனக்கோ ஹெட்ஃபோன் இருக்கிறது.

பாவாடை இலாஸ்டிக் கொழும்புப் புழுக்கத்தில் ஒரு வருடத்துக்குமேல் தாங்காது என்பதை அனுபவத்தில் கண்டேன். மாற்ற வேண்டிய நாளைக் கலண்டரில் எழுதியும் வைத்திருந்தேன்; வேலை மும்முரத்தில் இம்முறை தவறிவிட்டது. போன கிழமை ஒரு விடியற்காலை பலகையில் இரண்டு தட்டுக் கேட்டது. “தம்பி, வண்டு திரும்ப வந்திட்டுது” என்றார் மாமி. கணினியை அணைத்து, பெட்டியின் பக்கத்தைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தேன். இலாஸ்டிக் தளர்ந்து, கீழ் டிஸ்க்கின் ஒரு மூலை, ஒரே ஒரு மூலை, கூட்டின் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.